தெற்கு பார்க்காத விமானம்

எங்கள் ஊர்க் கூட்டு ரோட்டில் ஒரு போர் விமானம் நிற்கிறது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருக்கலாம். முதலில் கண்ணில் படுவது அதன் வால்தான். சொத்துத் தகராறில் முகத்தைத் திருப்பிக்கொண்ட சம்பந்தி மாதிரி, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கும். ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். நான் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் விமானங்களுக்கு எதிரி இல்லை. அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பறக்கிற எதைப் பார்த்தாலும் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். கடற்கரைப் பக்கம் விமானப்படை ஒத்திகை என்று காதில் விழுந்தால், விடுமுறை நாளாக இருந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் போய்விடுவேன். கரையேற்றி வைத்த படகுகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்ப்பேன். விமானம் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும். எனக்கு மயிர்க்கூச்செறியும். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

புது ரகப் போர் விமானத்தின் விலையைப் பேப்பரில் படித்தால், மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பத்தின் அடுக்குகளை நடத்த அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பூஜ்யங்களை எண்ணும்போது பிள்ளைகள் நடுவில் எங்கேயாவது தவறிவிடுவார்கள். நானும் தவறியிருக்கிறேன்.

இனி என் அக்கா. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து அவள் ஓய்வு பெற்ற கையோடு அவளுடைய சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுக்கொண்டன. வாரத்தில் மூன்று நாள் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். காசு வாங்குவதில்லை, முகம் சுளிப்பதில்லை. அங்கே குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சிக்கல் எல்லாம் திரும்பி வருகிற வழியில்தான். செங்கல்பட்டு பஸ் அவளைக் கூட்டு ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து எங்கள் காலனிக்கு மினி பஸ். அது தன் இஷ்டத்துக்கு வரும். டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்குக் கால் துவளும், கண் இருட்டும். அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருப்பேன். லீவு போட்டுப் போனாலும் டூ வீலரின் பின்னால் பிடித்துக்கொண்டு உட்காரும் நிலையில் அவள் இருக்க மாட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வைத்துக்கொள் என்றால் என்னையே முறைப்பாள். ஆக அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே உட்கார ஒரு நிழல்.

முன்பு அங்கே ஒரு புளியமரம் இருந்தது. ரோட்டை அகலமாக்கியபோது வெட்டினார்கள். மரத்துக்குப் பதிலாகப் பயணியர் நிழற்குடை வரும் என்றார்கள். வரவில்லை. நான் மனுவோடு அலைந்தேன். ரோட்டோரம் ஒரு துறைக்குச் சொந்தம், நாலடி உள்ளே தள்ளினால் புறம்போக்கு, அதற்கு வேறொரு துறையைக் கேட்க வேண்டும் என்றார்கள். கட்டினால் நெற்றியில் யார் பெயரை எழுதுவது என்பதிலும் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. அந்தப் புறம்போக்கில் நான்கு தூணும் ஒரு தகரமும் நடச் சட்டத்தில் இடமில்லை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். நானும் வாத்தியார்தானே, பாடம் புரியாத பையனைப் போல மறுபடி மறுபடி போய்க் கேட்டேன். அவர்களும் சலிக்காமல் விளக்கினார்கள்.

அப்போதுதான் விமானம் வருகிறது என்ற செய்தி வந்தது. பறந்து ஓய்ந்த பழைய போர் விமானங்களை ஊர்களுக்குக் காட்சிப் பொருளாகக் கொடுக்கிறார்களாம். எங்கள் ஊர்த் தலைவர் எங்கேயோ யாரையோ பிடித்து ஒன்றை வாங்கிவிட்டார். அவருடைய வாதம் சுலபமானது. மாமல்லபுரம் போகும் கார்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன. அங்கே போய் ஓடாத கல் ரதத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போகிற வழியில் பறக்காத விமானத்தின் முன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சட்டம் நகர்ந்து இடம் கொடுத்தது. குடை நட முடியாத அதே புறம்போக்கில் ஒரு போர் விமானம் தரையிறங்க அனுமதி கிடைத்தது.

நீண்ட லாரியில், இறக்கைகளைத் தனியே கழற்றி வைத்துக் கொண்டுவந்தார்கள். வழியில் மின்கம்பிகள் இடித்ததால் ஊருக்கே நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மற்ற நாளாக இருந்தால் கரண்ட் ஆபீஸை முற்றுகையிட்டிருப்பார்கள். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. மேளம் அடித்தார்கள், வெடி வெடித்தார்கள், பள்ளியை அரை நாள் விட்டோம். நான் கூட்டத்தில் முண்டியடித்துப் போய் அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. ஒரு காலத்தில் மேகத்துக்கு மேலே போன பொருள் இது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பீடம் ரோட்டுக்கு வடக்கே தயாராக இருந்தது. வரைபடத்தின்படி விமானத்தின் மூக்கு ரோட்டைப் பார்க்க வேண்டும், அதாவது தெற்கே. கிரேன் தூக்கி நிறுத்தும் நேரத்தில் தலைவரின் வாஸ்துக்காரர் வந்து சேர்ந்தார். தெற்கு எமனுடைய திசை. அந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினால் ஊரில் துர்மரணம் நடக்கும், தலைவரின் பதவிக்கும் ஆகாது என்றார். துர்மரணத்தைக் கேட்டபோது யோசித்துக்கொண்டிருந்த தலைவர், பதவி என்றதும் கையைத் தூக்கிக் கிரேனை நிறுத்தினார். இது போர் விமானம், எமனோடு இதற்குப் பழைய பழக்கம் உண்டு என்று பொறியாளர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பூசணிக்காய் உடைத்து, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, கிழக்கு முகமாக நிறுத்தினார்கள். எதிரியின் வயிற்றைக் கலக்குவதற்கென்று செய்த வண்டிக்குத் திருஷ்டி கழித்து நிறுத்தியவர்கள் நாங்கள்.

கிழக்கே திருப்பியதில் ஒரு காரியம் நடந்துவிட்டது. வலது இறக்கை ரோட்டுப் பக்கம் நீண்டு, சரியாகப் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆள் நின்றால் தலைக்கு மேலே இரண்டு முழம் இடம் இருந்தது. பீடத்தின் விளிம்பில் வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். உட்கார ஏற்ற உயரம். இத்தனை வருஷ மனுக்கள் செய்யாததை எமன் பயம் செய்து கொடுத்தது. திறப்பு விழா முடிந்த வாரமே அக்கா அங்கே உட்கார்ந்து எனக்குப் போன் போட்டு, இப்போதுதான் அரசாங்கத்துக்கு நம் ஞாபகம் வந்திருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று. விமானத்தின் கீழே ஒரு சின்ன ஊரே உண்டாயிற்று. பூக்காரம்மா காலையில் வால் பக்கம் விழுகிற நிழலில் கடை விரிப்பார். உச்சி வேளையில் இறக்கைக்கு நேர் கீழே நகர்ந்துகொள்வார். கோவளத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை, ஒரு காலத்தில் குண்டு தொங்கிய கொக்கியில் மாட்டிவிடுவார். எறும்பு ஏறாதாம். நெருப்புக் கக்கிய குழாய்க்குள் மைனாக்கள் குடும்பம் நடத்தின. மாலையில் வேடந்தாங்கல் பக்கம் போகிற நாரைகள் மட்டும் இதை ஒரு பொருட்டாக மதிக்காமல் மேலே பறந்து போகும்.

விமானத்துக்கு ஒரு காவல்காரரையும் போட்டிருந்தார்கள். மாஜி ராணுவத்தார். மீசையைப் பார்த்தால் பீரங்கிப் படை என்று தோன்றும். உண்மையில் அவர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். அக்காவும் பெரிய அண்டாக்களோடு வாழ்நாளைக் கழித்தவள் என்பதால் இருவருக்கும் முதல் நாளிலேயே ஒத்துப்போய்விட்டது. அதாவது, முதல் நாளிலேயே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நூறு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு பருப்பு என்பதில் ஆரம்பித்த சண்டை, நாட்டின் பாதுகாப்பு வரை போகும்.

விமானம் சீனாவைப் பார்த்து நிற்கிறது என்று அவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேர் கிழக்கே கோடு போட்டால் அந்தமான்தான் வரும், அது நம்முடையதுதான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. வாத்தியார் புத்தி, சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் யோசித்தார். அப்படியென்றால் அந்தமானைக் காவல் காக்கிறது என்று மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் கடற்கரைப் பக்கமிருந்து புது விமானங்கள் இரண்டு கூட்டு ரோட்டுக்கு மேலே கிழித்துக்கொண்டு போயின. கீழே இருந்த கிழட்டு விமானத்தின் தகரமெல்லாம் அதிர்ந்தது. காவல்காரர் பெருமையோடு ஒன்றின் விலையைச் சொன்னார். அக்கா நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டே, அதற்கு எத்தனை டயாலிசிஸ் மெஷின் வாங்கலாம் என்று கேட்டாள்.  சாயங்காலம் அந்தக் கணக்கு என்னிடம் வந்தது. நான் வகுத்துச் சொன்னேன். அக்கா நம்பவில்லை. நான் எங்கேயோ பூஜ்யத்தைக் கூடப் போட்டுவிட்டேன் என்றாள். இவ்வளவு மெஷினை வைக்க இந்த ஜில்லாவில் இடமே கிடையாது, கணக்கைச் சரியாகப் போடு என்றாள். மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது. 

அடுத்த தடவை நான் லீவில் அவளோடு போயிருந்தேன். எங்கள் கணக்கைக் கேட்டுக் காவல்காரர் கோபித்துக்கொண்டார்.

"இன்னாமே பேசற நீ? ப்ளேன் இல்லன்னா எதிரி உள்ள பூந்துட மாட்டானா?"

"வரட்டுமே," என்றாள் அக்கா. "இந்த ரூட்ல பஸ்ஸு புடிச்சி எப்டி வந்து சேர்றான்னு நானும் பாக்கறேன்."

மீன்கார அம்மாள் சிரித்த சிரிப்பில் எதிரே டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். காவல்காரரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் விமானப்படையில் இருக்கிறான். அவன் ஓட்டை வண்டியில் பறக்க வேண்டும் என்று நான் நினைப்பேனா? நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குள் என் அக்காவும் அடங்குவாளா, இல்லை அவள் நிற்கிற மண் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றியது. கேட்க ஆள்தான் இல்லை.

நல்ல காலத்துக்கு ஆயுசு குறைவு. மேலிடத்திலிருந்து ஒருவர் விமானத்தைப் பார்வையிட வந்தார். அவர் வந்த நேரம் அப்படி. பூக்காரம்மா சாமந்தியைத் தரையில் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சக்கரத்தில் வெற்றிலைச் சாறு வழிந்திருந்தது. கொக்கியில் தூக்குச் சட்டி ஆடிக்கொண்டிருந்தது. வால் குழாயிலிருந்து ஒரு மைனா வெளியே வந்து அவரைப் பார்த்தது. வந்தவர் முகம் செத்துவிட்டது. நாட்டின் பெருமை இப்படியா கிடப்பது என்று கேட்டார். போதாக்குறைக்கு, உப்புக் காற்றிலும் மழையிலும் உடம்பில் துரு ஏறியிருப்பதையும் கண்டுபிடித்தார். வெயில் மழை படாமல் கூரை போட வேண்டும், ஆட்கள் அண்டாமல் வேலி போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழையிலும் இடியிலும் பறப்பதற்கென்று செய்த விமானத்துக்குக் கூரை. பணம் எங்கிருந்தோ வந்தது. வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். நல்ல கூரை. இரும்புத் தூண்கள், வெப்பம் இறங்காத தகடு, விளக்குகள். ரோட்டு விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். கூரையை இன்னும் ஒரு ஆள் நீளம் ரோட்டுப் பக்கம் நீட்டி, வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டால் போதும் என்று கெஞ்சினேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். இது நினைவுச் சின்னப் பராமரிப்பு, அது பயணிகள் வசதி, ஒன்றின் பணத்தில் இன்னொன்றைச் செய்தால் தணிக்கையில் என் கழுத்தைப் பிடிப்பார்கள் சார் என்றார். டீ நன்றாக இருந்தது.

கூரை வேகமாக எழும்பியது. வேலி வந்தது, கேட் வந்தது, பூட்டு வந்தது. மைனா புகாமல் வால் குழாய்க்கு வலை கட்டினார்கள். பார்வையாளர்களுக்கு மாலையில் மட்டும் அனுமதி. விழாவில் தலைவர் உருக்கமாகப் பேசினார். நம்மைக் காத்தவரை நாம் காக்க வேண்டாமா என்று கேட்டபோது கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. பூக்காரம்மா டீக்கடை ஓரம் ஒதுங்கினார். மீன்கார அம்மாள் வேறு நிறுத்தத்துக்கு மாறிவிட்டார். அக்காவுக்கு மாற வேறு நிறுத்தம் இல்லை. காலனி மினி பஸ் அங்கேதான் வரும்.

பங்குனி வெயிலில் அது நடந்தது. நான் வகுப்பில் இருந்தேன். காவல்காரர் போன் செய்தார்.

"வாத்தியாரே, அக்கா வுழுந்துட்டாங்கோ. நான் உள்ள தூக்கியாந்து படுக்க வெச்சிகிறேன். பயப்படாத, மூச்சி கீது."

வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. அப்பா அம்மா கூலி வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தவள் அவள்தான். செத்துப் போய்விடாதே, செத்துப் போய்விடாதே என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

கேட் திறந்து கிடந்தது. இறக்கைக்குக் கீழே பழைய இடத்தில் அவளைப் படுக்க வைத்து, காவல்காரர் தன் துண்டை நனைத்து நெற்றியில் போட்டிருந்தார். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டிருந்தார். அக்கா கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றெக்க ஒரு நெழலு, அதுக்கு மேல கூரை ஒரு நெழலு," என்றாள். "ரெட்டை நெழலுடா தம்பி. உள்ள எவ்ளோ ஜில்லுனு கீது தெர்தா?"

எனக்கு முதலில் அழுகை வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது இன்னும் போகவில்லை.

அவள் தேறிவிட்டாள். காவல்காரருக்கு மெமோ வந்தது. பார்வை நேரம் அல்லாத நேரத்தில் பூட்டைத் திறந்து வெளியாரை அனுமதித்த குற்றம். பட்டாளத்தில் குழம்பு தீய்ந்தபோதுகூட மெமோ வாங்கியதில்லை என்று வருத்தப்பட்டார். சாவியை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாலையில் ஒருவர் வந்து திறந்து, ஒருவர் வந்து பூட்டிவிட்டுப் போவார். அதனால் விமானத்தைக் காக்கிற காவல்காரரும் இப்போது பகலெல்லாம் வேலிக்கு வெளியேதான் நிற்கிறார். டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கடன் வாங்கி, அக்கா வருகிற நேரத்தில் போட்டு வைப்பார். தன்னுடைய குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். பருப்பு அளவு பற்றிய சண்டை மட்டும் தடைபடாமல் நடக்கிறது.

போன வாரம் நானும் அவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். சென்னைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பிள்ளைகள் வேலி ஓரமாக நின்று விமானத்தைப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, ஆன்ட்டி கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, நீங்க படத்துல வர்றீங்க என்றாள். மரியாதையான பெண். அக்கா எழுந்தாள். நான் நாற்காலியை நகர்த்தினேன், காவல்காரர் குடையை நகர்த்தினார். அக்கா மெதுவாக உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே தனியாக நிற்கிற விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓடி ஆடி வேல செஞ்சி ஓஞ்சி போனவங்களுக்கு ஒரு நெழலு வோணும்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிதாண்டா கீது," என்றாள். "ஆளுதான் மாறிப் பூட்ச்சி."

மினி பஸ் அப்போதும் வரவில்லை.